இரண்டு வீட்டுக்கும் ஒரே திங்கள்

நான் உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்கிறவள். பக்கத்து வீட்டு ரீச்சர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போவா. எங்கள் இரண்டு வீட்டுக் குழந்தைகளையும் செல்லமக்காதான் பார்ப்பா. சம்பளத்தில் பாதி நான், பாதி ரீச்சர்.

பங்குனி முடிகிற நேரம் செல்லமக்கா, “பிள்ளை, இந்தக் கிழமையோடை வேலையை விடப்போறன்” என்றா.

“ஏனக்கா? லீவு தாறனாங்கள்தானே?”

“ஓம், மாசத்திலை நீ ஒரு திங்கள் தாறாய், ரீச்சர் ஒரு வெள்ளி தாறா. திங்களிலை அவவின்ரை பிள்ளை, வெள்ளியிலை உன்ரை பிள்ளை. எனக்கெங்கை லீவு? படுக்கையிலை கிடந்த மகளுக்கு வருத்தம் மாறினால் பங்குனித் திங்களிலை அம்மனுக்குப் பொங்கிறதெண்டு நேர்ந்தனான். அவள் எழும்பி நடக்கிறாள். வாறது கடைசித் திங்கள்.”

உடனே ரீச்சரிடம் ஓடி, திங்கள் இரண்டு வீட்டிலும் சம்பளத்தோடு லீவு விடுவோம் என்றேன். “அண்டைக்கு என்ரை பிள்ளையை ஆர் பாக்கிறது? வராத நாளுக்குச் சம்பளமும் வேணுமோ?” என்று சீறினா.

“அம்மனிட்டைப் போற நாளுக்குச் சம்பளம் வெட்டினால் எங்களுக்குத்தான் பாவம், ரீச்சர். இரண்டு பிள்ளையளையும் நான் பாக்கிறன்.”

ரீச்சர் சிரித்துவிட்டா. “சரி, பின்னேரம் நீர்தான் லீவு கேப்பீர்!”

அந்தத் திங்கள் இரண்டு குழந்தைகளும் என்னைப் படாதபாடு படுத்தின. பொழுதுபட, சாவகச்சேரிப் பக்கத்து அம்மன் கோயிலிலிருந்து நெற்றி நிறையத் திருநீற்றோடும் பொங்கலோடும் செல்லமக்கா வந்திறங்கினா. குழந்தைகள் அவவிடம் தாவின. “நாளைக்கு விடிய வெள்ளண வாறன்” என்றா. அம்மாளாச்சி எங்களைக் கைவிடவில்லை!

இப்போது மாதத்தில் ஒரு முழுநாள், இரண்டு வீட்டிலும் ஒரே நாளாக, சம்பளத்தோடு லீவு. எந்த நாளென்று சொல்வது செல்லமக்காதான். ஒருவரை இரண்டு வீட்டார் பங்குபோடலாம். அவருடைய ஓய்வைப் பங்குபோடக்கூடாது.