தங்கச்சி சுகம் என்று நான் அடித்த தந்தி

என் கடைசித் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசியவன் நான்தான். அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில் டொக்டராக இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவரைப் பற்றி, சிட்னி லிட்கமில் இருந்தபடி வீட்டுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். அம்மாவுக்குக் குளிரை நினைத்துப் பயம். அப்பாவுக்கு ஊரின் பெயரே பிடிக்கவில்லை. "எருமை எண்டு பேர் வைச்ச ஊருக்கோ பிள்ளையை அனுப்பிறது?" என்று கேட்டிருந்தார். நான் விடவில்லை. "குளிரெல்லாம் வீட்டுக்கு வெளியேதான், உள்ளே நம்முடைய வைகாசி மாதிரி இருக்கும்" என்று அடித்து எழுதினேன். பஃபலோ அமெரிக்காவின் எந்த மூலையில் இருக்கிறது என்பதே அப்போது எனக்குத் தெரியாது. தங்கச்சி கரையேறினால்தான் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு முறை வரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் அவள் பஃபலோ போய் இறங்கினாள்.

எழுபத்தேழாம் ஆண்டு, ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை. லிட்கமில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும் வெயில். என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த மதுரைக்காரர் ரயில்வே எஞ்சினியர், என் வயதுதான். இரண்டு பேரும் ஈரத் துவாயைத் தோளில் போட்டபடி ரிவிக்கு முன்னால் கிடந்தோம். செய்தியில் பஃபலோ என்றார்கள். நிமிர்ந்தேன்.

அங்கே பெரிய ஏரி ஒன்று உறைந்து கிடந்ததாம். அதன்மேல் வாரக்கணக்காகக் குவிந்திருந்த பனியைப் புயற்காற்று வாரி ஊருக்குள் கொட்டிவிட்டதாம். படத்தில் ஊரே இல்லை. வெள்ளையாக ஏதோ பறந்தது. நடுவில் ஒரு சிறிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அது காரின் ஏரியல், கீழே கார் இருக்கிறது என்றார் செய்தி வாசித்தவர். கார்களுக்குள் அகப்பட்டுச் சனம் செத்திருக்கிறது என்றும் சொன்னார்.

நான் எழுந்துபோய் ஜன்னல்களையெல்லாம் பூட்டினேன்.

"யோவ், எதுக்குய்யா பூட்டுற? வெந்து சாகவா?" என்றார் மதுரைக்காரர்.

எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. ரெலிபோனை எடுத்துப் பஃபலோவுக்கு அழைப்புக் கேட்டேன். லைன் எல்லாம் நிரம்பி வழிகிறது, பிறகு முயலுங்கள் என்றாள் ஒப்பரேற்றர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முயன்றேன். ஏழாவது தடவை என் குரலைக் கேட்டதுமே அவள், "இன்னும் உருகவில்லை" என்றாள்.

அடுத்ததாக என் கம்பளிக் கோட்டு, இரண்டு ஸ்வெட்டர், ஒரு போர்வை எல்லாவற்றையும் அள்ளி ஒரு பெட்டிக்குள் திணித்தேன்.

"பார்சலா? அது கப்பல்ல போகும்யா. அங்க கோடை வந்து, உன் தங்கச்சி விசிறியோட உக்காந்திருக்கும்போது போய்ச் சேரும்."

"ஐசே, பகிடி விடாதையும். பெடிச்சி அங்கை தனியக் கிடக்கிறாள்."

"வீட்டுக்காரர் இருக்கார்ல?"

"டொக்டரெல்லோ! ஆசுபத்திரியிலை மாட்டியிருப்பார்."

இதைச் சொல்லும்போதே மற்றொரு பயம் பிடித்துக்கொண்டது. அப்பா நாள் தவறாமல் ரேடியோச் செய்தி கேட்பவர். பஃபலோ என்ற சொல் காதில் விழுந்தால் அம்மாவின் கதி? அவர்கள் கேள்விப்படுமுன் நான் முந்திக்கொள்ள வேண்டும். ரெலிபோனிலேயே ஊருக்கு ஒரு தந்தி கொடுத்தேன், ஆங்கிலத்தில்: தங்கச்சி சுகம், கவலைப்பட வேண்டாம்.

மதுரைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "சுகமா இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. அது தந்தி போன பிறகுதான் உறைத்தது. அவளுக்கு ஏதும் நடந்திருந்தால், பெற்றவர்களை ஏமாற்றிய பொய்யனும் நான்தான், குளிருக்குள் அவளைத் தள்ளியவனும் நான்தான். ஞாயிறு முழுவதும் சோறு இறங்கவில்லை. ஒப்பரேற்றர் மட்டும் என்னோடு நல்ல சிநேகமாகிவிட்டாள்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து வழக்கத்தை நான் மறந்திருக்கக் கூடாது. தந்திக்காரனின் சைக்கிள் வாசலில் நின்றால் முதலில் ஒப்பாரி, பிறகுதான் உறையைக் கிழிப்பது. தூரத்தில் யாராவது செத்தால் எடுத்த எடுப்பில் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். முதலில் 'கொஞ்சம் சுகமில்லை' என்று வரும், அடுத்தது 'கடுமை', மூன்றாவதுதான் செய்தி. கேட்காமலே 'சுகம், கவலைப்பட வேண்டாம்' என்று சொன்னால், அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

திங்கட்கிழமை எங்கள் வாசலுக்கே ஒரு தந்தி வந்தது. உறையைத் திறக்காமல் அப்படியே நீட்டினேன். மதுரைக்காரர் வாங்கிக் கிழித்தார். அப்பா அடித்திருந்தார்: உண்மையைச் சொல். தாங்குவோம்.

"என்னய்யா பதில் சொல்லப்போற?" என்றார் மதுரைக்காரர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரெலிபோன் அடித்தது.

"அண்ணா, நான்தான். உங்களுக்கு அங்கை வெயில் கடுமையோ?"

நான் கதிரையில் இருக்கப்போய் நிலத்தில் இருந்துவிட்டேன். "எடியே, உயிரோடை இருக்கிறியோ?"

"ஓம், இருக்கிறன். வாசற்கதவு பனிக்குள்ளை, திறக்கேலாது. அவர் வெள்ளிக்கிழமை ஆசுபத்திரிக்குப் போனவர், இன்னும் வரேல்லை. அங்கை சுகமாய்த்தான் இருக்கிறார். இஞ்சை றோட்டிலை மாட்டின லொறிக்காரர் ரெண்டு பேரும் ஒரு தபால்காரரும் மேல்ஜன்னலாலை ஏறி உள்ளுக்கு வந்திட்டினம். நாலு நாளாய் அவைக்குச் சமைக்கிறன். ஒருத்தர் என்ரை செத்தல் மிளகாய் இடிசம்பலை ஜாம் எண்டு பாணிலை தடிப்பாய்ப் பூசிப்போட்டார், பாவம்!"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பிறகு தந்திக் கதையைச் சொன்னேன்.

"உங்களுக்கு அந்த வெயிலிலை மூளை உறைஞ்சு போச்சோ? நில்லுங்கோ, நானே அம்மாவுக்கு ஒரு தந்தி அடிக்கிறன்."

"நீ அடிச்சாலும் நான் உன்ரை பேரிலை அடிச்சதெண்டுதான் சொல்லுவினம். கடிதம் எழுது. உன்ரை கையெழுத்திலை, வேறை ஒருத்தரும் எழுதேலாத மாதிரி எழுது."

பஃபலோவில் பனியை வெட்டித் தபால் புறப்பட ஒரு கிழமை, அது யாழ்ப்பாணம் போய்ச் சேர இரண்டு கிழமை. அப்பாவிடமிருந்து எனக்குப் பதில் வந்தபோது மாசி முடிந்துவிட்டது. என் தந்தியைக் கண்டு மூன்று பெரியம்மாமார் உடுப்புப் பெட்டிகளோடு வந்து இறங்கினார்களாம். ரேடியோவுக்கு ஒரு மாதமாகவே பற்றரி இல்லையாம், நான் பேசாமல் இருந்திருந்தால் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காதாம். எனக்குப் பெண் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருப்பதாகவும், அப்படிப்பட்ட புத்தியை ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது பாவம் என்றும் எழுதியிருந்தார்.

அம்மாவைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். தங்கச்சியின் கடிதத்தை அப்பா வாசித்தபோது முதற்பக்கம் முழுவதும் அம்மா நம்பவில்லையாம். பழைய கடிதத்தைப் புதிது என்று வாசிக்கிறீர்கள் என்று அழுதாவாம். இரண்டாம் பக்கத்தில், 'அம்மா, நீங்கள் குடுத்து விட்ட மிளகாய்த்தூளில் மல்லி கூடிப்போச்சு, உறைப்புக் காணாது, தெரியாதவர்களுக்கு முன்னால் என் மானம் போச்சு' என்று வந்ததும் அழுகையை நிறுத்தினாவாம்.

"என்ரை தூளிலை பிழை பிடிக்க அவளுக்கு மட்டும்தான் வாய் வரும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து குசினிக்குள் போய், மூன்று கிழமைக்குப் பிறகு முதல்முறையாகக் கோப்பை நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாவாம்.