விளக்குப் பெண்ணின் இடப்பக்கம்

சோழபுரம் பேச்சியம்மாள் அத்தைதான் போனில் சொன்னார். "பாப்பா, வெளக்கை வரைய வந்தாகளே ஜெசிந்தாம்மா, தவறிப் போயிட்டாகளாமே?" மடவார் வளாகத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கல்லூரிக் காட்சியறையில் ஜெசிந்தா அக்காவுக்கும் எனக்கும் ஒரே மேசை. பழம்பொருள்களை அவர் வரைவார்; நான் குறிப்பு எழுதுவேன்.

அத்தையின் தோட்டத்தில் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்தது அந்தச் சுடுமண் விளக்கு. இரு கைகளிலும் அகல் ஏந்தி நிற்கும் பெண். கழுத்தில் குச்சியால் குத்திய புள்ளிகளே மணிமாலை. சேலையில் வெள்ளைக் கோடுகள். நாங்கள் வருகிறோம் என்றதும், பூசை விளக்கைத் துலக்குவதுபோல் அத்தை அதைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். இடப்பக்கக் கோடுகள் அத்தனையும் போய்விட்டன.

"ஆளு வாரீகளே, அழுக்கா இருக்கேன்னு தேச்சேன். பாதியிலதான் பாக்கேன், தண்ணி வெள்ளையா ஓடுது." அழுதுவிட்டார். "இவதான் அழிச்சான்னு போர்டுல எழுதிருவீகளோ?"

விளக்கை மடியில் வாங்கிக்கொண்ட அக்கா, "எங்க வீட்டுப் பாத்திரத்துக்கும் உங்களைத்தான் கூப்பிடணும்" என்றார். அழுகையோடு அத்தை சிரித்தார்.

கண்காட்சிக்கு முன் நான் சொன்னேன்: "இடப்பக்கமும் இதே கோடுதானக்கா இருந்திருக்கும்? நிரப்பிட்டா அத்தையும் தப்பிச்சிருவாங்க."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "ஒரு காதுல தோடு, ஒரு காதுல குழை போட்டிருக்கா, பாத்தியா? ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கவ இல்லட்டி இவ. பாக்காததை நான் வரைய மாட்டேன்."

"அப்போ அத்தை?"

"அது நீ எழுதுற எடத்துல இருக்கு."

கண்காட்சிக்கு அத்தை முந்தானையால் வாயைப் பொத்தியபடி வந்தார். படத்தின் இடப்பக்கம் வெறும் தாளாக இருந்தது. கீழே, அக்கா சொல்ல நான் எழுதியது: 'இப்பக்கக் கோடுகள் இப்போது இல்லை. மண்ணிலிருந்து உடையாமல் எடுத்துத் தந்தவர்: பேச்சியம்மாள், சோழபுரம்.'

எழுத்துக்கூட்டிப் படித்த அத்தை, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், "உடையாமத்தான் எடுத்தேன்" என்றார்.

அக்கா ஏன் தனியாக வாழ்ந்தார், ராஜபாளையத்து வீட்டுக்கு ஏன் விடுமுறையில்கூடப் போகவில்லை என்று இரங்கல் கூட்டத்தில் பலர் என்னிடம் கேட்டார்கள். ஒரே மேசையில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கலாம். நான் பார்த்ததை எழுதிவிட்டேன். பார்க்காத பக்கத்தை வெறுமையாகவே விடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.