முகம் தெரிந்த ஒரே ஷாட்

என் தங்கச்சி வீட்டுக்காரர் சினிமாவில் அடி வாங்குகிறவர். நான் அவர் விழுகிற இடத்தில் மெத்தை போடுகிறவன். "ஒருத்தன் விழுறான், ஒருத்தன் விரிக்கிறான், நல்ல சம்பந்தம்டா" என்று சண்டை மாஸ்டர் கிண்டல் பண்ணுவார்.

குழுவில் மாப்பிள்ளைக்குப் பேர் 'முதுகு'. கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தால் குதிப்பது இவர் முதுகு. கண்ணாடியை உடைத்தால் உடைப்பது இவர் முதுகு. டீக்கடையில் கதாநாயகனின் தைரியத்தை யாராவது புகழ்ந்தால் இவரும் சேர்ந்து தலையாட்டுவார்.

தங்கச்சிக்கு வாய் ஜாஸ்தி. அதனால் வீட்டில் மாப்பிள்ளை அவளைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார். வெளி ஆள் முன்னால் அந்தப் பேர் வராது.

போன வருஷம் எங்களுக்கு ஒரு கராத்தே படம் வந்தது. கயிறு இல்லை, டூப் இல்லை, கம்ப்யூட்டர் வேலை இல்லை என்று போஸ்டரிலேயே போட்டார்கள். அதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. நிஜக் கால் நிஜத் தாடையை உரசிக்கொண்டு போகும்போது தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். விழுவது ஆளா பொம்மையா என்று சின்னப் பிள்ளைக்கே தெரியும். உடம்புக்கு ஒரு கனம் இருக்கிறது, அதைப் பொய்யாகக் காட்ட முடியாது.

டூப் இல்லை என்றால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை? அடியாள் வேஷம் கொடுத்தார்கள். முதல் தடவையாக முகத்தோடு. காலையிலிருந்து மீசையை வாரிக்கொண்டே இருந்தார். "போதும் மாப்ள, உதிர்ந்துடும்" என்றேன்.

எங்கள் தொழிலில் 'ஐயோ', 'அம்மா' எல்லாம் வசனம். எவ்வளவு அலறினாலும் எவனும் நிறுத்தமாட்டான். நிஜமாக அடிபட்டால் 'தண்ணி' என்று கத்தணும். அது காதில் விழுந்தால் ஓங்கிய கை அப்படியே நின்றுவிடும்.

மாடிப்படியில் சண்டை. மாப்பிள்ளை படியில் சறுக்கி எழுந்து கத்தியை நீட்டணும். கதாநாயகன் அதைத் தட்டிவிட்டு நெஞ்சில் உதைக்க, இவர் கைப்பிடியை உடைத்துக்கொண்டு கீழே என் மெத்தையில் விழணும். சறுக்கும்போதே முதுகெலும்பு படி விளிம்பில் இறங்கிவிட்டது. வாயைத் திறந்தார். 'தண்ணி' வரவில்லை. "கத்திரி" என்றார்.

கதாநாயகப் பையன் காதில் 'கத்தி' மட்டும்தான் விழுந்திருக்கிறது. அடுத்த அடியை ஞாபகப்படுத்துகிறார் என்று நினைத்து, சொல்லிக்கொடுத்தபடியே உதைத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளை மெத்தைக்கு நடுவில் வந்து விழுந்தார். மொத்த யூனிட்டும் கை தட்டியது. யாரைக் கூப்பிட்டார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "காலு எங்க மச்சான்?" என்று கேட்டார்.

கால் அங்கேயேதான் இருந்தது. இன்னும் இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் கூப்பிட்டதையும் சேர்த்து.

படம் முடிகிற சமயத்தில் டைரக்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ஷாட்டை வெக்கலாமா எடுத்துடலாமான்னு தெரியல. படத்துல அதுதான் உயிரு. ஆனா நீங்க வேண்டாம்னா எடுத்துடறேன்."

"எடுத்துடுங்க சார்" என்றாள் தங்கச்சி. "என்னைக் கூப்பிட்டிருக்காரு. அதுக்கு ஊரே விசிலடிக்கணுமா?"

மாப்பிள்ளை முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெச்சுடுங்க சார்."

"ஏங்க?"

"இத்தனை வருஷம் முதுகைக் காட்டியாச்சு. முகம் தெரியுற ஷாட் அது ஒண்ணுதான் கத்திரி. இனிமே ஒண்ணு வரப்போறதில்ல."

டைரக்டர் முன்னாலேயே அந்தப் பேரைச் சொல்லிவிட்டார். தங்கச்சி உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

படம் வந்ததும் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்து சீட்டில் உட்கார வைத்தேன். தங்கச்சி வரவில்லை. அந்த ஷாட் வந்தது. திரை முழுக்க மாப்பிள்ளை முகம். மீசை, வேர்வை, திறந்த வாய். அந்தக் குரலையும் அப்படியே வைத்திருந்தார்கள். விசில் கூரையைப் பிய்த்தது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின் சீட்டில் ஒருத்தன் கூட வந்தவனிடம் சொன்னான்: "எல்லாம் கிராபிக்ஸ்டா. நிஜமா இப்படி விழுந்தா ஆளு காலி."

"அப்பவே நெனச்சேன். மூஞ்சியே பொம்மை மாதிரி இருக்கு."

நான் திரும்பினேன். மாப்பிள்ளை பிடியை விடவில்லை. "வேணாம் மச்சான், படம் பாரு" என்றார். அதற்கப்புறம் அவர்தான் பார்க்கவில்லை. மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இறக்கினதும் தங்கச்சி வந்து அவர் காலைப் பிடித்து நேராக வைத்தாள். தலையணையைச் சரி பண்ணினாள்.

"நிஜம்னு தெரிஞ்சுதா அவங்களுக்கு?"

"தெரிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை. "எங்க பின்னாடி இருந்தவன் அழுதுட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அவரைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டி, முதுகில் மருந்து போட உட்கார்ந்தாள்.