கன்னத்துச் சிவப்புப் புள்ளிகள்

மருத்துவமனையில் அவரைப் பூனைக்கண் என்பார்கள். காயங்களையும் தையல்களையும் மருத்துவர்களின் பதிவுக்காகப் படமெடுப்பது அவர் வேலை. குறைமாதக் குழந்தைகளின் அறையில் ஃப்ளாஷ் கூடாது, விளக்கும் மங்கல்தான். அங்கேயும் எப்படியோ படம் எடுத்துவிடுவார். ஓய்வு கிடைத்தால் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை உச்சத்துக்கு ஏற்றி, ஒன்றுமே இல்லாத இருட்டில் கேமரா எதைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். சிவப்பும் பச்சையுமாய்ப் புள்ளிகள் வரும். அது போதும் அவருக்கு.

அறுவை சிகிச்சை முடிந்து மாடியில் படுத்திருந்த ஒரு பெண், பெற்ற பிள்ளையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அவளால் எழுந்திருக்க முடியாது, பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள். பூனைக்கண் கீழே போய்ப் படமெடுத்து வந்து காட்டினார். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள்; முகம் வெளிறியது.

"கன்னமெல்லாம் சிவப்பு சிவப்பா இருக்கே! ஏதோ கிருமி. எங்கிட்ட மறைக்கிறீங்க."

"பயப்பட ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தே, கிடைச்சிடுச்சு" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா. "நர்ஸ்தான் நல்லா இருக்குன்னாங்களே."

"அவங்களும் அதைத்தான் சொல்வாங்க, நீயும் அதைத்தான் சொல்வே."

பூனைக்கண் குறுக்கிட்டார். "ரேடியோவுல தூரத்து ஸ்டேஷனைப் பிடிச்சு சத்தத்தைக் கூட்டினா இரைச்சலும் கூடும் இல்லையாம்மா? வெளிச்சம் பத்தலைன்னு நான் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினேன். புள்ளி கேமராவோடது, பிள்ளையோடது இல்ல."

அவள் நம்பவில்லை. அவர் புள்ளிகளை மழுக்கும் வசதியைப் போட்டு இன்னொரு படம் எடுத்து வந்தார். அதில் பிள்ளையின் முகம் மெழுகு போல் இருந்தது.

"பாத்தியா, அழிச்சுக் கொண்டாந்திருக்காங்க!" என்று அழ ஆரம்பித்தாள்.

"அண்ணா, நீங்க சும்மாவே இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

யார் சொல்லையும் நம்பாதவளுக்குச் சொல்லிப் பயன் இல்லை. அவர் மறுபடி இறங்கினார். பிள்ளை அசையாமல் தூங்கும் சமயம் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து வந்தார். "நீயே பாரும்மா."

முதல் படத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த சிவப்பு, இரண்டாவதில் இல்லை. உதட்டோரம் புதிதாக ஒன்று. விரிப்பிலும் புள்ளிகள் அப்படித்தான் இடம் மாறியிருந்தன. மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"தடிப்பு இப்படியா ஓடிப்பிடிச்சு விளையாடும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அழுகை நின்றது. விரல் மட்டும் நிற்கவில்லை. "அண்ணா, காதுக்குக் கீழ இருக்கிற இது ரெண்டுலயும் இருக்கே?"

பூனைக்கண் குனிந்தார். கேமராவிலேயே நிலையாகத் தங்கிவிடும் புள்ளிகளும் உண்டு. இது யாருடையது என்று அவருக்கே இப்போது தெரியவில்லை. இறங்கிப் போய், கேமராவைச் சற்றுத் தள்ளி வைத்து எடுத்தார். கேமராவின் புள்ளி என்றால் படத்தில் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். அது காதோடு சேர்ந்து நகர்ந்திருந்தது.

"பிள்ளையோடதுதான்!" என்று வாசலிலிருந்தே சொன்னார்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். "மச்சம்டி. உன் வீட்டுக்காரருக்கு இருக்கிற அதே இடம். மூக்கும் அவரோடதா இருந்தா பிள்ளை பாவம்."

அவள் சிரிக்கப் போய், தையல் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. கால் விரலை எடுத்துட்டு வாங்க. புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."