பஸ் ஓட்டினவளின் கைப்பக்குவம்

டிரைவரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்க நின்றால், பின்னால் நிற்கிறவள் தோளைத் தொட்டு, "டிவியில சமைக்கிறாங்களே, அவங்க அம்மாதானே நீங்க? எல்லாம் உங்க கைப்பக்குவமாமே! சூப் கெட்டியா வர என்ன செய்வீங்க?" என்று கேட்கிறாள். சூப்பாம், கெட்டியாம்! வெந்நீர் வைத்தாலே பாத்திரத்தைக் கருக்குகிற கை அது.

அந்தக் கை முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியது. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு விடிகாலை ஷிப்ட், அதற்கு மேல் ஓவர்டைம். பொம்பளைக்கு ஸ்டியரிங்கா என்று டிப்போவில் இளித்தவர்கள், சந்தைத் தெரு நெரிசலில் அவள் வண்டியை ஒடித்துத் திருப்புவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டில் ஒன்பது வயசு மகள் ஸ்டூல் போட்டு ஏறி, அடுப்பைப் பற்றவைத்து, கருக்கி, கொட்டி, மறுபடி வைத்து, தானாகவே கற்றுக்கொண்டாள். அவள்தான் இன்றைக்கு டிவியில் சிரிக்கிறாள், வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள்? அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்ற நாட்களாம். டிரைவர் சட்டைக்கு ஏது முந்தானை!

இப்போது புதுப் புத்தகத்தின் அட்டைக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து சமைக்கிற படம் வேண்டுமாம். ஸ்டுடியோவில் போட்டோக்காரர் டிரைவரம்மாவின் கையில் கரண்டியைத் திணித்தார்.

"அப்படியே கிண்டுற மாதிரி... கொஞ்சம் சிரிங்கம்மா."

கரண்டி ணங்கென்று மேடையில் விழுந்தது. "யாரு கிண்டினது? என்னை நிக்க வச்சு யாரை ஏமாத்துறீங்க?"

மகள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "கத்தாதேம்மா. நீ வீட்டுல இல்லாம நானே சமைச்சேன்னு எழுதினா, உன்னைத்தான் கிழிப்பாங்க. பெத்த பிள்ளையைத் தவிக்க விட்டவள்னு பேசுவாங்க."

"பேசட்டுமே! நான் சம்பாதிக்கலேன்னா உன் அடுப்புல என்னடி வெந்திருக்கும்? நான் பஸ் ஓட்டினது உனக்கு அவமானமா?"

"அவமானம் இல்லம்மா, கோபம்!" இப்போது மகளே கத்தினாள். "கையைச் சுட்டுக்கிட்டு நான் அழுதப்ப நீ இல்லை. உண்மையை எழுத உக்காந்தா, உன்னைத் திட்டித் திட்டித்தான் வருது. அதையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் முந்தானை, அடுப்படின்னு எதையோ எழுதித் தொலைக்கிறேன்."

டிரைவரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"நீ எழுதுற அந்த அம்மா யாரோ, எனக்கு அவளைத் தெரியாது. திட்டியே எழுதுடி. அதுலயாவது நான் இருப்பேன்."