அம்மா வாங்கித் தந்த ஒரு வருடம்

எங்கள் எஸ்டேட்டில் வேலைக்குத்தான் வீடு. வீட்டில் ஒருவர் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வரைக்கும் லயம் என்கிற வரிசை வீட்டில் இருக்கலாம். அவர் ஓய்வு பெற்றால் அதே வீட்டிலிருந்து இன்னொருவர் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சின்னக்கானலில் எங்கள் வரிசை முழுக்க அம்மாவுக்குப் பின் மகள், மாமியாருக்குப் பின் மருமகள் என்று பெயர் கொடுத்து வந்தவர்கள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவுக்கு ஓய்வு வயது வந்துகொண்டிருந்தது. நானோ தமிழில் பட்டம் வாங்கிவிட்டு, எழுதித்தான் சம்பாதிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"எழுத்து வேலைன்னா எந்த ஆபீசுல?" என்று அம்மா கேட்டாள்.

"ஆபீசெல்லாம் இல்லம்மா. கேக்குறவங்களுக்கு எழுதிக் குடுக்கணும். அதுக்குக் காசு தருவாங்க."

"சரி, யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கும் எரிச்சல்.

கொழுந்து பறிப்பதை நான் கேவலமாக நினைக்கிறேன் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். வாய்க்கு வந்ததைப் பேசட்டும். அந்தக் கூலியில் தின்று வளர்ந்த உடம்பு இது. ஆனால் அம்மாவின் முழங்கால்கள் என்ன கதியில் இருந்தன என்பது தினமும் எண்ணெய் தேய்த்துவிட்ட எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை பெயரைக் கொடுத்துவிட்டால் என் காலும் அதே மேட்டில்தான் தேயும். அதைவிட முக்கியம், எனக்கு எழுதப் பிடித்திருந்தது. பிடித்ததைச் செய்து சாப்பிட வேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா?

யாரும் கேட்காததால் நானே போய்க் கேட்டேன். எங்களுக்கு மேலே மலையில் ஒரு ஹோம்ஸ்டே. மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்பதற்காக அவர்களுடைய இணையதளத்தில் தமிழில் ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். கடவுளே! அதைப் படித்தால் தங்க இடம் கிடைக்குமா, அடி கிடைக்குமா என்றே தெரியாது. முதலாளி மலையாளி. இங்கேயே வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே படிப்பார். "இதை நான் எழுதித் தரட்டுமா சேட்டா?" என்றேன். "எழுதிக் கொண்டு வா மோளே, பாக்கலாம்" என்றார்.

போனிலேயே உயிரைக் கொடுத்து எழுதினேன். பனி எப்போது விலகும், கப்பைக் கிழங்கும் மீன்கறியும் எத்தனை மணிக்குச் சூடாகக் கிடைக்கும், எந்த அறையில் காலை வெயில் விழும் என்று எல்லாம் எழுதிவிட்டு, நடுவில் இதையும் எழுதினேன்: "மாலை ஆறு மணிக்கு மேல் கேட்டுக்கு வெளியே நடந்து போகாதீர்கள். இது யானை நடக்கிற வழி. வண்டியில் வரும்போது எதிரே நின்றால் ஹாரன் அடிக்காமல் பின்னுக்கு எடுங்கள்." எங்கள் லயத்துக்கு விருந்தாளி வந்தால், குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே இதைத்தான் சொல்வோம். விளம்பரத்தில் இதை எழுதக் கூடாது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அவர் படித்தார். "எல்லாம் நல்லாயிட்டுண்டு. இந்த ஆனைக் காரியம் மட்டும் வேண்டா. இது கண்டா ஆரு வரும்?"

"இது தெரியாம வந்து மாட்டிக்கிட்டா பரவாயில்லையா சேட்டா?"

"நீ அது கட் பண்ணு. இன்னிக்கே பைசா தரேன். என்டெ கூட்டுக்காருக்கும் சொல்லறேன்."

அம்மாவின் ஓய்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அவருடைய நண்பர்களும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள்; இந்த ஒரு வேலை கிடைத்தால் நாலு வேலை கிடைக்கும். போனில் அந்த வரிகளின் மேல் விரலை வைத்தேன். அவர் கேட்டுக்குக் கீழேயுள்ள வளைவில்தான் எங்கள் லயத்துக்காரர் ஒருவரை யானை தள்ளிவிட்டுப் போனது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய கூட்டத்தில் நானும் ஓடியிருக்கிறேன்.

"முடியாது சேட்டா" என்றேன்.

"பின்னே நீ போ மோளே" என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி ஓவென்று அழுதேன். "எனக்கு எழுத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். என் பேரக் குடுத்துரும்மா" என்றேன். மறுநாள் வேலை முடிந்து அம்மா எஸ்டேட் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தாள்.

"குடுத்துட்டியா?" என்றேன்.

"குடுத்துட்டேன். எம் பேரத்தான். ஓய்வுக்குப் பெறகும் தற்காலிகமா ஒரு வருசம் வாரேன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் வீட்டக் கேக்க மாட்டாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உனக்கென்ன கிறுக்கா? முழங்காலப் பாத்தியா?" என்று கத்தினேன்.

"சும்மா கெடடி. அந்த வளைவுல விடியுமுன்ன நடக்குறவ நானு. ஆனையை எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தியே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஒரு வருசந்தான். அதுக்குள்ள எழுதி, வாடகைக்கு ஒரு வீடு பாரு. இல்லைன்னா நானே ஒம் பேரக் குடுப்பேன். அப்ப அழுதா கேக்க மாட்டேன்."

ஓய்வு பெற்ற மறுநாளும் அம்மா மலைக்குப் போனாள். காலை இழுத்து இழுத்துப் பனிக்குள் போகிறவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க நேரமில்லை. போனை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். ஹோம்ஸ்டே ஹோம்ஸ்டேயாக ஏறி இறங்கினேன். அதே பக்கத்தை, யானையோடு சேர்த்தே காட்டினேன். பார்க்கலாம் என்றார்கள், அப்புறம் வா என்றார்கள். ஒருவர் டீ மட்டும் கொடுத்து அனுப்பினார். அடுத்த மலையில் நாலு அறை வைத்து நடத்திய போடிக்கார அக்கா படித்துவிட்டுச் சிரித்தார். "இதத்தான் வர்றவுககிட்டல்லாம் தொண்டை வத்தக் கத்திக்கிட்டு இருக்கேன். எழுதிக் குடு தாயி, அறைக்கு அறை ஒட்டிருதேன்." அவர் அனுப்பிய முதல் பணம் போனில் விழுந்தபோது பஸ் ஸ்டாப்பில் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

மழைக்காலத்தில் பயணிகள் வரவில்லை, வேலையும் வரவில்லை. விடுவேனா? ஏலக்காய்ப் பாக்கெட்டுக்கு எழுதினேன். ஊறுகாய் பாட்டிலுக்கு எழுதினேன். ஜீப் சவாரிக்காரர்களுக்கு எழுதினேன். பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயண இணையதளம் மாதாமாதம் கட்டுரை கேட்டது. மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவையும் எழுதினேன், எடுத்துக்கொண்டார்கள். அம்மா மேட்டில் நிற்கும்போது எனக்கு மட்டும் சலிப்பு எப்படி வரும்?

வருடம் முடிவதற்கு முன்பே டவுனுக்குக் கீழே இரண்டு அறை வீடு ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வந்து சொன்னேன். "நாளையிலேருந்து நீ மலைக்குப் போக வேணாம்மா."

"வாடகை மாசாமாசம் குடுத்துருவியா?"

"குடுத்துருவேன்."

"வேலை வரலைன்னா?"

"வர வைப்பேன்."

அம்மா என்னை நம்பினாளா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பழக்கத்தில் இருட்டோடு எழுந்து உட்கார்ந்தாள். நான் அதற்கு முன்பே எழுந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் விடியவே இல்லையே. அதுக்குள்ள என்னடி வேலை?"

"இன்னைக்குள்ள அனுப்பணும்மா. நீ படு."

போனில் நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். பிறகு படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதி ஓய்ந்தபோது அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.