கிள்ளானில் ஒரு தாய்மாமன்

தைப்பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி செல்லம்மாவும் கிள்ளானுக்குப் போய் வந்தோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் எனக்குக் கிடைப்பதைவிட அங்கே ஒரு ரப்பர் ஆலையில் நாளுக்குப் பதினைந்து காசு கூடுதல். குடியிருக்க வீடும் உண்டு. எங்களைப் போல இடம் மாற நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

போவதென்று நான் முடிவே கட்டிவிட்டேன். முரண்டு பிடித்தவள் செல்லம்மா. எங்கள் மகளுக்குப் பதினோரு வயது. அவள் பெரியவளாகும்போது தாய்மாமன் வந்து ஓலைக் குடிசை கட்ட வேண்டும், சீர் வைக்க வேண்டும். செல்லம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் பக்கத்து வீட்டு முருகேசு மாமனாக நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கிள்ளானில் யார் நிற்பார் என்று கேட்டாள். இதுவும் ஒரு கேள்வியா என்று எரிந்து விழுந்தேன். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

காலை ஏழே கால் வண்டி. இருபத்தொரு மைல், மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஐம்பது காசு. கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து ஆலைக்குக் காப்பார் சாலையில் இரண்டு மைல். தென்னோலை ஏற்றும் மாட்டுவண்டிக்காரர் அந்தோணி முப்பது காசுக்கு வந்தார்.

வீடு நன்றாகவே இருந்தது. தகரக் கூரை, வாசலில் குழாய், ஒரு மைலில் தமிழ்ப் பள்ளிக்கூடம். எனக்கு வாயெல்லாம் பல். செல்லம்மா இதையெல்லாம் ஏறிட்டும் பார்க்காமல் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் அவள் மகளின் சடங்கைப் பற்றி விசாரித்தாள். மாமன் என்று வர ஆளில்லாததால் குடிசையைத் தானே கட்டியதாக அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கேட்டு மூடிவிட்டேன்.

அந்தோணி காத்திருந்து எங்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் செல்லம்மா அவரிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். தனியாகக் கப்பலேறி வந்தவர், இங்கே யாரும் இல்லை என்றார்.

"அப்ப எம் பொண்ணுக்கு நீங்கதாண்ணே மாமன். குடிசை கட்டணும், சீர் கொண்டாரணும். சரின்னா நாங்க இங்க குடி வர்றோம். இல்லன்னா இல்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முன்பின் தெரியாத மனிதரிடம் இப்படியா கேட்பது?

"நான் வேதக்காரன்மா, மாதா கோயிலுக்குப் போறவன்" என்றார் அவர் மெதுவாக.

"வேதக்காரருக்குத் தங்கச்சி இருக்கக் கூடாதா?"

அவர் மாட்டைத் தட்டி ஓட்டினார். ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்: "ஓலைக்கா பஞ்சம்? தெனமும் அதத்தான ஏத்துறேன். குடி வாம்மா."

அடுத்த மாதம் போகிறோம். இடம் பார்க்கப் போகிறவர்கள் காலை வண்டியிலேயே போங்கள், வெயில் ஏறுமுன் இடத்தைப் பார்த்துவிடலாம். கூலி எவ்வளவு என்று நீங்கள் கேளுங்கள். மற்றதைக் கேட்க மனைவியை அழைத்துப் போங்கள். மாட்டுவண்டிக்குப் போக முப்பது காசு. அன்று ஸ்டேஷனில் இறங்கியதும் திரும்பியதற்கும் முப்பது காசை நீட்டினேன். அந்தோணி என் கையைத் தள்ளிவிட்டார்.

"மச்சான்கிட்ட யாராச்சும் கூலி வாங்குவாங்களா?"